என் சீட்டில் போன இரும்பு

எங்கள் ஊரில் ஆப்பிரிக்கா என்பது ஒரே ஊர். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி உளுந்தூர்பேட்டையில் இறங்குவது போல, மெட்ராசில் விமானம் ஏறினால் ஆப்பிரிக்காவில் இறங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். அங்கே பல நாடுகள் இருப்பதை நானும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. முதலாளியின் போர்வெல் வண்டி அங்கே போயிருக்கிறது, பைப் மாற்ற ஒரு ஹெல்பர் வேண்டும், என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் தெரியும்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்பில் வேறு யாரும் இறங்கவில்லை என்றால், கண்டக்டருக்குக் குரல் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து திரும்பி வருவேன். இப்படிப்பட்டவன் வெளிநாடு போகிறான் என்றதும் என்னைவிட ஊருக்குத்தான் அதிக சந்தோஷம். கூட்டாளிகள் ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். வோட்டர் அட்டையில் இருந்த என் படத்தைப் பெரிதாக்கி, மேலே ஒரு விமானம், பக்கத்தில் ஒரு சிங்கம் போட்டிருந்தார்கள். சிங்கம் என்னைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. ஒருநாள் நன்றாக இருட்டிய பிறகு, "அங்கல்லாம் கரண்டு இருக்குமாடா?" என்று ஒருவர் மிகவும் கவலையோடு கேட்டார். கேட்டவர் யார் என்று தெரியவில்லை. அப்போது எங்கள் தெருவில் கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

புறப்படும் முன் முதலாளி என்னைக் கடைக்கு வரச் சொன்னார். அங்கே மேசை மேல் இரண்டு புது பிட்டுகள் இருந்தன. பிட் என்பது துளை போடும் பைப்பின் நுனியில் மாட்டுகிற இரும்பு. முகத்தில் முத்து முத்தாகப் பட்டன்கள் இருக்கும். பாறையை உடைப்பது அவைதான். ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ. மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டியிருந்தார். எனக்கு யாரும் எதுவும் காட்டவில்லை. விமானத்தில் இரண்டு பெட்டி இலவசம், ஒரு பெட்டிக்கு ஒரு பிட், மிச்ச இடத்தில் உன் துணிமணி என்று கணக்குச் சொன்னார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்:

"அங்க வண்டி பிட்டு இல்லாம சும்மா நிக்குது. இந்த ரெண்டும் சைட்டுக்குப் போய்ச் சேரணும். சேரலைன்னா நீயும் சேர வேணாம். அப்படியே திரும்பி வந்துடு."

திரும்பி வருவதா? ஊர் முனையில் சிங்கத்தோடு நின்றுகொண்டிருக்கிறேன். அந்தப் பேனர் கிழிகிற வரைக்குமாவது நான் திரும்பி வரமுடியாது. பிட் போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு வாழ்வு என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

என் மனைவி கல்வராயன் மலைக்காரி. நான்கு கிலோ சாமை அரிசியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். பெட்டியில் இடமில்லை என்றேன். "அந்த இரும்பையா துன்னப் போற?" என்று கேட்டாள். நான் இரண்டு சட்டைகளை எடுத்துவிட்டுச் சாமையை வைத்தேன்.

என்னோடு வந்தவர் எலவனாசூர்கோட்டைக்காரர், டிரில்லர். ஏற்கெனவே இரண்டு தடவை போய் வந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தனக்கு முதுகு வலி என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், அவர் பெட்டியில் இரும்பு இல்லை. ஊறுகாய் இருந்தது.

மெட்ராஸ் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மஞ்சளும் பொட்டுமாக இருந்ததைப் பார்த்து, "என்னய்யா இது, சாமியா?" என்று அதிகாரி கேட்டார். விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தானே மூடிக் கொடுத்தார்.

அந்த ஆப்பிரிக்க விமானத்தைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பணிப்பெண்கள் எங்கள் ஊர் நர்சுகளைவிட மரியாதையாகப் பேசினார்கள். கோளாறு எல்லாம் என்னிடம்தான். எனக்குத் தைரியமாகச் சொல்ல வந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை 'நோ'. தண்ணீர் வேண்டுமா, நோ. சாப்பாடு வேண்டுமா, நோ. கம்பளி வேண்டுமா, நோ. பசியோடும் குளிரோடும் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணன் இரண்டு கம்பளி வாங்கிப் போர்த்திக்கொண்டு இரண்டாவது தட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது என் தட்டு என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நாட்டுத் தலைநகரில் இறங்கினோம். சைட் அங்கிருந்து வெகுதூரம். மழையில் சாலை அறுந்துவிட்டதால் சின்ன விமானத்தில்தான் போகவேண்டும், அதுவும் வாரத்துக்கு ஒன்று. பெரிய கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வாசலில் ஒரு தராசு மேடை. கம்பெனி சட்டை போட்ட ஓர் அம்மா ஒவ்வொருவர் சாமானையும் நிறுத்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு ஆளுக்கு இருபது கிலோதான் என்று பலகையில் எழுதியிருந்தது. என்னிடம் நாற்பதுக்கு மேல்.

இங்கேதான் எங்கள் பக்கத்து மூளை வேலை செய்தது. போர்வெல் வேலைக்கு வருவதற்கு முன் நானும் அண்ணனும் ஆளுக்கொரு காலத்தில் கரும்பு லாரியில் லோடு ஏற்றியவர்கள். ஆலையில் எடை மேடைக்கு லாரி போகும்போது கரும்பின் மேல் லோடு ஆட்கள் மூன்று பேர் தோகையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்போம். கரும்பை இறக்கிவிட்டு வெறும் லாரியை எடை போடும்போது கீழே இறங்கி டீ குடிக்கப் போய்விடுவோம். எங்கள் மூன்று பேர் எடையும் கரும்பு எடையில் சேர்ந்துவிடும். எத்தனையோ பேர் என்னையும் சேர்த்துத்தான் காபியில் போட்டுக் குடித்திருப்பார்கள்.

"அங்க ஆளு கரும்பாச்சு. இங்க இரும்ப ஆளாக்கிடலாம்" என்றார் அண்ணன். என்னைக் கக்கூசுக்குள் கூட்டிப் போய், ஒரு பிட்டை என் வயிற்றின் மேல் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே தன்னுடைய பெரிய சட்டையை மாட்டிவிட்டார். சாமை மூட்டையைத் தன் பெட்டிக்கு மாற்றிக்கொண்டார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதக்காரி போல நடந்து வந்தேன்.

என் பெட்டியை நிறுத்தார்கள். இருபது. அந்த அம்மா தலையசைத்தார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்து அந்த அம்மா மேடையைக் காட்டி, என்னை ஏறச் சொன்னார்.

சின்ன விமானத்தில் ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். இரண்டு தடவை வந்து போன அண்ணனுக்கு இது தெரியாது. முந்தின இரண்டு தடவையும் அவர் லாரியில் போயிருக்கிறார்.

ஏறினேன். முள் எழுபதுக்குப் போனது. அந்த அம்மா முள்ளைப் பார்த்தார், என் கழுத்தெலும்பைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த பேனாவால் என் வயிற்றில் லேசாகத் தட்டினார். டங்கென்று சத்தம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், துண்டை அவிழ்க்க எனக்கு உதவி செய்தார். மஞ்சள் பூசிய இரும்பு வெளியே வந்ததும் அவராலும் முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சொன்னதை அண்ணன் தமிழில் எடுத்துச் சொன்னார், நியாயமான பேச்சுதான். ஒரு பிட்டோடு நீ போகலாம், இன்னொன்று அடுத்த வாரம் வரும். இல்லையென்றால் இரண்டு பிட்டையும் உன் சீட்டில் வைத்து அனுப்புகிறேன், நீ அடுத்த வாரம் வா. அண்ணன் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளிக்கு யோசிக்கவே நேரம் தேவைப்படவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ரெண்டு பிட்டும் போவட்டும். அவன் ஆளுதானே, பின்னாடி வருவான்."

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மொழி தெரியாத ஊர், பையில் இரண்டு சட்டை, ஒரு வாரம். ஆனால் டவுன் பஸ்ஸில் எதைச் சொன்னேனோ அதையேதான் இங்கேயும் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. சாமை மூட்டையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இரண்டு பிட்டையும் சாக்கில் சுற்றி, ஜன்னல் ஓரமாக என் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டார்கள். அண்ணன் அதைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். முதலாளி அதை ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் என் மனைவி போனில் கேட்டாள்.

"சீட்டுல மூட்ட குந்திக்கினு இருக்குது. உன்ன காணோமே, நீ எங்க குந்தியிருக்க?"

"பின்னாடி" என்றேன். பொய் இல்லை. ஆறு நாள் பின்னாடி.

அந்த ஆறு நாளும் கொட்டகையில்தான் இருந்தேன். காவல்காரர் தன் அறையில் படுக்க இடம் கொடுத்தார். சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் எல்லாருடைய சாமானையும் தூக்கி வண்டியில் ஏற்றினேன். கரும்புக் கட்டு தூக்கியவனுக்கு அது ஒரு வேலையா? மத்தியானத்தில் அந்த அம்மா வெள்ளை மக்காச்சோளக் களியும் கீரையும் கொண்டுவந்து தருவார். நம் களிதான், நிறம்தான் வேறு. ஒருநாள் நான் சாமை பொங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியாவிட்டாலும் 'நோ' சொல்லாமல் இன்னொரு கரண்டி வைத்தேன். அதைத்தான் கேட்டிருந்தார்.

ஏழாம் நாள் என்னை மேடையில் ஏற்றி, வயிற்றைப் பேனாவால் தட்டிப் பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டு என்று எழுதினார். விமானத்தில் அதே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பெல்ட்டில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

சைட்டில் இறங்கியதும் அண்ணன் வந்தார். முகம் சரியில்லை. ஒரு பிட் பட்டன் உதிர்ந்து ஓரமாகக் கிடந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். தரையில் இருந்த துளையைக் காட்டினார்.

"உன் சீட்டுல வந்தவரு உள்ளதான் இருக்காரு. எரநூத்தி நாப்பது அடியில கழண்டுகினு போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு."

முதலாளி போனில் இருந்தார். அவர் குரலில் அவ்வளவு பாசத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "நீயாவது பத்திரமா போய்ச் சேந்தியே" என்றார்.

இரண்டு வருடம் அங்கே வேலை செய்தேன். எத்தனையோ துளைகளில் தண்ணீர் வந்தது. அந்த முதல் துளையை மட்டும் மூடிவிட்டோம். மூடும்போது அண்ணன் ஒரு கற்பூரம் ஏற்றினார்.

ஊருக்குப் புறப்பட்டபோது முதலாளி கூப்பிட்டார். தேய்ந்த பிட்டுகள் சேர்ந்திருக்கின்றன, பட்டனைக் கழற்றி விற்கலாம், உன் இரண்டு பெட்டியிலும் போட்டுக் கொண்டு வா என்றார். வாங்கி வைத்த சாமான்கள் கட்டில் மேல் இருந்தன. மனைவிக்கு அந்த ஊர்ப் பூப்போட்ட துணி, பிள்ளைகளுக்குச் செருப்பு.  இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் அவர் கையில்தான் இருந்தது.

"முடியாதுங்க மொதலாளி. பொட்டில என் சாமான் இருக்குது" என்றேன்.

 ஆப்பிரிக்காவுக்குப் போய் வாய் நீண்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வருடம் வேறு ஆளை அனுப்பினார்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று கொட்டகை அம்மா என்னை நிறுத்து ஐம்பத்தெட்டு என்று எழுதினார். எல்லாம் நான்தான்.

கள்ளக்குறிச்சியில் டவுன் பஸ் ஏறி, இரண்டு பெட்டியையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஸ்டாப் வந்தது. வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. முதலாளிக்கே முடியாது என்று சொன்னவன், கண்டக்டரைப் பார்த்தேன், அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். பஸ் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ஒரு பெட்டியைத் தலையிலும் ஒரு பெட்டியைக் கையிலுமாக நடந்து வந்தேன். ஊர் முனையில் பேனரைக் காணோம். அதை யாரோ எடுத்துப் போய்த் தங்கள் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தார்கள். பாதியை உள்ளே மடித்து, சிங்கம் இருக்கிற பாதியை வெளியே வைத்திருந்தார்கள். என் முகம் ஆடுகளைப் பார்த்தபடி உள்ளே இருந்தது.