ரயிலைக் காப்பாற்றிய வாகாசுகி

எங்கள் வெந்நீர் ஊற்று ஊரில் ரயிலுக்காக வாகாசுகி அளவுக்குத் தொண்டை கிழியக் கத்தியவர் யாரும் இல்லை. பெரிய விடுதிக்காரர். ரயில் காப்புச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாக அவர்தான் தலைவர். மாதக் கூட்டத்துக்குக் காரில் வருவார். மற்ற உறுப்பினர்களும் காரில்தான் வருவார்கள். கார் நிறுத்த இடம் போதவில்லை என்பதுதான் பாதிக் கூட்டங்களில் முதல் பேச்சு.

நான் நொபுயே. நடைமேடையில், உள்ளே இனிப்புப் பயறு வைத்த மாஞ்ஜு என்கிற மாவு உருண்டை அவித்து விற்கிறேன். குளிக்க வருகிற கூட்டம் ரயிலில் வந்து இறங்கினால்தான் என் அடுப்பு எரியும். வாய் பொறுக்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தலைவரே, கடைசியா எப்ப ரயில் ஏறினீங்க?"

"எனக்கு எங்கம்மா நேரம்? அதைக் காப்பாத்தவே நாள் பத்தல."

போன நவம்பரில் ரயில் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. குறித்த நாளில் பத்து மணி ரயிலில் எங்கள் நிலையத்திலிருந்து அறுபது பேராவது ஏற வேண்டும். குறைந்தால் வசந்தத்தோடு ரயில் நின்றுவிடும். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் உழைத்தார். "சும்மா வாங்க, அடுத்த ஊர் ஊற்றுல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடலாம்" என்று வீடு வீடாக ஏறி இறங்கி அறுபது பெயர் சேர்த்துவிட்டார். அவர் பெயர் முதலில், என் பெயர் கடைசியில்.

அன்றைக்கு நிலையத்து வாசல் முழுக்கக் கார். ஒற்றைப் பெட்டி ரயில் வந்து நின்றது. கம்பெனியின் இளம் அதிகாரி கதவருகே நின்று, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கையிலிருந்த எண்ணும் கருவியை டிக்கென்று அழுத்தினாள். வாகாசுகியோ பத்திரிகைக்காரனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரயில் தன் உயிர்மூச்சு என்று பேசிக்கொண்டிருந்தார். குளிர் தாங்காமல் உள்ளே இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பேசி முடித்தவர் கதவுக்கு முன்னால் போய் நின்றார். அது தானாகத் திறக்கும் என்று காத்திருந்தார். பொத்தானை அமுக்கினால்தான் திறக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"பொத்தானை அமுக்குங்க தலைவரே!" என்று கடையிலிருந்து கத்தினேன்.

"அது எங்கம்மா இருக்கு?" என்று கதவை மேலும் கீழும் தடவினார்.

வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி, "பத்து மணி, புறப்பாடு!" என்று உரக்கச் சொல்லி வண்டியை எடுத்தார். தலைவர் வழியனுப்ப நிற்கிறார் என்று நினைத்து உள்ளே இருந்தவர்கள் குனிந்து வணங்கினார்கள். விருந்தாளிகளை வழியனுப்பிய நாற்பது வருடப் பழக்கம் விடுமா? அவரும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, ரயில் மறையும்வரை கையாட்டினார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்க காப்பாத்தின ரயில் உங்களையே விட்டுட்டுப் போயிடுச்சே!"

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஒண்ணுதானே குறையுது, கொஞ்சம் பாத்து எழுதும்மா" என்று அதிகாரியிடம் கெஞ்சினார்.

அவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். "ஒண்ணு இல்லைங்க, ரெண்டு. அம்பத்தெட்டுதான்."

"ரெண்டா? யாரு இன்னொருத்தர்?"

பட்டியலை விரித்து ஒவ்வொரு பெயராக விரல் ஓட்டினார். விரல் கடைசி வரியில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இவ்வளவு கூட்டம் என்றைக்கு வரும், இன்னும் நாலு தட்டு விற்றுவிடலாம் என்று கடையை விட்டு நகராமல் நின்றவள் நான்தான். அவருக்காவது கதவைத் திறக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.