செருப்புக் கடைக்காரனின் இருபது கிலோமீட்டர்

காலை ஆறு மணிக்கு ஈசா டவுன் மைதானம் இளஞ்சிவப்புச் சட்டைகளால் நிரம்பியிருந்தது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு நிதி திரட்டும் நடை அது. தெற்கே ரிஃபா, அவாலி வழியாகப் போய் ஸல்லாக் கடற்கரையில் முடியும். இருபது கிலோமீட்டர். ஆளுக்குப் பத்து தினார் கட்டணம். காப்பீடு இல்லாமல் வீட்டு வேலை பார்க்கும் பெண்களின் பரிசோதனைச் செலவுக்கு அந்தப் பணம் போகும் என்றார்கள். பஹ்ரைனில் பிப்ரவரி மாதக் காலைக் குளிர் சுகமாகத்தான் இருக்கும். கீழக்கரைக்காரனான எனக்கு அதற்கே ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

நடக்க வந்தவள் என் மனைவி ஜுலைஹா. நான் காவலுக்கு. இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு இதே நோய் வந்தது. அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தாயிற்று. இடது கையில் வீக்கம் வராமலிருக்க இறுக்கமான உறை மட்டும் அணிகிறாள். தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வீட்டில் ஒரு மளிகைப் பையைக்கூட அவளைத் தூக்க விடுவதில்லை.

நோய்க்குப் பிறகு அவள் பேச்சும் சுருங்கிவிட்டது. மகளின் கல்லூரி, ஊர்ப் பயணம் என்று எதைக் கேட்டாலும் "அடுத்த ஸ்கேன் முடியட்டும்" என்பாள். அதற்கு அப்பால் ஒரு வார்த்தை வராது. இந்த நடைக்கு மட்டும் அவளே பெயர் கொடுத்தாள்.

"முழுசா நடந்து முடிக்கணும் மச்சான். முடிச்சிட்டா நான் நல்லாயிட்டேன்னு எனக்கே நம்பிக்கை வந்துரும்" என்றாள்.

பிறகு என் காலைப் பார்த்தாள். "புது ஷூவா? ஒரு வாரம் போட்டுப் பழகுங்கன்னு சொன்னேன்ல."

"செருப்புக் கடைக்காரனே பழசைப் போட்டுட்டு வந்தா யாரு நம்மகிட்ட வாங்குவா?"

அவள் நடக்கத் தொடங்கினாள். 

முதல் ஒரு மணி நேரம் ஊர்வலம் போலக் கலகலப்பாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் மேளம் தட்டினார்கள். ஒரு வீட்டு வாசலில் அரபிப் பெரியவர் ஒருவர் நின்று எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். நான் இரண்டு முறை வாங்கினேன்.

ஏழேகாலுக்கு ரிஃபாவில் முதல் ஓய்விடம். அங்கேதான் என் குட்டு வெளிப்பட்டது. எங்கள் கடை பிக்கப் வண்டி ஓரமாக நின்றிருந்தது. மடக்கு நாற்காலி, குடை, இரண்டு பெட்டி தண்ணீர், ஒரு ஃப்ளாஸ்க் கஞ்சி எல்லாம் அதில் ஏற்றியிருந்தேன். கண்ணில் படாமல் நில் என்று டிரைவர் தங்கராஜிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவன் இலங்கையில் ஹட்டன் பக்கத்துப் பையன், வெள்ளை மனசு. எங்களைக் கண்டதும் கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

"அக்கா, களைச்சுப் போயிட்டீங்களா? உங்கள ஏத்திக்கிட்டு வரச் சொல்லித்தான் மொதலாளி என்னைய அனுப்பியிருக்காரு."

ஜுலைஹா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் முகம் வாடிவிட்டது.

"என்னால முடியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?"

"அதில்ல, ஒரு பாதுகாப்புக்கு..."

"ரெண்டு வருசமா பாதுகாத்தது போதும் மச்சான்."

கஞ்சியைத் தொடாமல் நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். ரிஃபாவைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து, வெறும் மண்ணும் எண்ணெய்க் குழாய்களும் வந்தன. தலையை ஆட்டி ஆட்டி எண்ணெய் இறைக்கும் இயந்திரங்களை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். ரசிக்கும் நிலையில் நான் இல்லை. இரண்டு குதிகாலும் நெருப்பாக எரிந்தன. வாயைத் திறந்தால் மானம் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒன்பதரைக்கு அவாலி. மரங்களும் பழைய பங்களாக்களுமாக நிழல் நிறைந்த ஊர். பாதிக்கு மேல் வந்துவிட்டோம். மரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். காலுறையில் ரத்தம். வண்டியோடு பின்னாலேயே வந்திருந்த தங்கராஜ் குனிந்து பார்த்தான்.

"கலாஸ் மொதலாளி, முடிஞ்சு போச்சு. நீங்க ஏறுங்க."

"நானா?"

"பின்ன? வண்டி சும்மாதான நிக்குது."

ஜுலைஹாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரிஃபாவில் போன முகம் அந்தச் சிரிப்போடு திரும்பி வந்தது. என் குதிகாலுக்கு மருந்து தடவிப் பிளாஸ்டர் ஒட்டினாள். தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன்னால் போன நர்ஸ் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். 

என்னை ஏற்றிக்கொண்டு வண்டி அவளைத் தாண்டிப் போனபோது எனக்குப் பயமாக இருந்தது. மருத்துவமனையில் அவளை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்ற அன்றைய பயம்தான் அது. கண்ணாடியில் அவள் சின்னதாகித் தெரிந்தாள். கையை வீசி, நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாள்.

ஸல்லாக்கில் அவளுக்கென்று கொண்டுவந்த நாற்காலியில், அவளுக்கென்று கொண்டுவந்த குடைக்குக் கீழே, அவளுக்கென்று காய்ச்சிய கஞ்சியைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தங்கராஜ் என் பக்கம் பார்க்காமலே சிரித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணி வெயிலில் சாலை வளைவில் அந்த நர்ஸ் கூட்டம் தெரிந்தது. ஜுலைஹா முகமெல்லாம் சிவந்து, வாய்விட்டுப் பேசிக்கொண்டு வந்தாள். எழுந்து போக முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். 

எல்லைக்கோட்டைத் தாண்டிய கையோடு என்னிடம் வந்தாள்.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"பொய்." மணலில் கிடந்த என் ஷூவை எடுத்துத் தட்டினாள். "அடுத்த வருசமும் இதே மாதிரி புதுசு போட்டுட்டு வந்தீங்கன்னா, உங்களை வீட்டுலயே விட்டுட்டு வந்துருவேன்."

அடுத்த வருசம் என்றாள்; ஸ்கேன் என்ற பேச்சே இல்லை. என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. கடல் பக்கம் திரும்பித் தங்கராஜிடம் கஞ்சி கேட்டாள். மிச்சம் இல்லை என்றான்.

ஈசா டவுனுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. காலையில் கடைக்கு அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தே போகிறேன். கொஞ்சம் கடிக்கத்தான் செய்கிறது. அடுத்த வருடத்துக்குள் பழகிவிடும்.