கோழி வேகிறவரைக்கும்

அந்தப் பெரிய கடையின் மூன்றாவது மாடியில் அவளுக்குக் கோழியக்கா என்று பெயர். வைத்தவர் லிஃப்ட்காரர். காலை பத்து மணிக்கு அவள் மேலே ஏறும்போது கையிலிருக்கும் ஐஸ் பெட்டியில் மூன்று கிலோ கோழி இருக்கும். சாயங்காலம் இறங்கும்போது பெட்டி காலி. நடுவில் அத்தனை நேரமும், மிக்ஸி வரிசைக்கும் இஸ்திரிப் பெட்டி வரிசைக்கும் இடையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு, எண்ணெய்ச் சட்டி இல்லாமல் சூட்டுக் காற்றிலேயே வறுக்கிற ஏர் ஃப்ரையரில் கோழி வைத்துக் காட்டுவது அவள் வேலை. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு தின்பார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள், விரலைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பத்துப் பேரில் ஒருவர் வாங்கினால் பெரிய காரியம்.

எட்டு வருஷமாக ஒரே பாடம். கோழியைக் கழுவியதும் தண்ணீர் போகத் துடைக்க வேண்டும், ஈரம் இருந்தால் தோல் மொறுமொறுக்காது. உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, ஒரு கரண்டி தயிர், ஒரு ஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிசறி ஊற வைக்க வேண்டும். மிஷினை மூன்று நிமிஷம் வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கூடையில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது, காற்று சுற்றிவர இடம் வேண்டும். நூற்றெண்பது டிகிரியில் கால் துண்டுக்கு இருபத்திரண்டு நிமிஷம், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். ஆசையாக இருக்கிறதென்று கூடையை இழுத்து இழுத்துப் பார்த்தால் சூடு ஓடிப்போகும். கடைசியில் எலும்போரம் கத்தியால் கீறிப் பார்க்க வேண்டும், சிவப்பாகத் தண்ணீர் வந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கிக் கிடக்கும். பார்க்கிறவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். எண்ணெய் பட்டது என்பாள். அப்படிச் சொன்ன நாளில் இரண்டு மிஷின் கூடுதலாகப் போவதைக் கவனித்துவிட்ட மேனேஜர், முழுக்கை போடாதே, அரைக்கையே போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்.

எண்ணெய் பட்டது உண்மைதான். அதுவாகப் படவில்லை.

அவளுடைய அப்பா அவள் நாலாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார், இரண்டே வருஷத்தில் அம்மாவும். பதினொரு வயது மூத்த அண்ணன்தான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினான். அண்ணிக்கு மூன்று தம்பிகள். பெரியவன் லாரியில் அடிபட்டுப் போனவன், சின்னவன் கப்பல் வேலைக்குப் போனவன், நடுவிலவன் ஒருத்தன் வீட்டோடு இருந்தான். பெண் எடுத்த வீட்டிலேயே பெண்ணைக் கொடுத்தால் உறவு விட்டுப்போகாது என்று அண்ணன் அவனுக்கே அவளைக் கட்டி வைத்தான். அவன் கைநீட்டுகிற ஆள். மூன்று வருஷம் வெளியே சொல்லாமல் பொறுத்தாள். நாலாவது வருஷம் குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டான்.

கட்டுப் போட்ட கையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். என் தம்பி ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்காதவன், இவள்தான் கை தவறிக் கொட்டிக்கொண்டு பழியை அவன்மேல் போடுகிறாள் என்று அண்ணி ஒரே பிடியாக நின்றாள். அண்ணன் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது நாள், திரும்பிப் போ, இல்லாவிட்டால் இந்த வாசலை மிதிக்காதே என்றான். அப்போது அண்ணன் மகளுக்கு மூன்று வயது, அவள் இடுப்பில்தான் இருந்தது. பிள்ளையை இறக்கிவிட்டு வெளியே வந்தவள்தான்.

அதற்கப்புறம் நர்ஸிங் ஹோமில் ஆயா வேலை, நூல் மில், பிறகு இந்தக் கடை. அந்தப் புருஷன் வேறொருத்தியைக் கட்டினான், அவளும் ஓடிப்போனாள், குடித்துக் குடித்து ஈரல் கெட்டு அவன் செத்தும் போனான். அப்போதாவது அண்ணன் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை. இரண்டு வருஷம் முன்பு வேறு ஊர்க் கிளையில் சூப்பர்வைசர் வேலை தருவதாகக் கடையில் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். லிஃப்ட்காரர் அவளைப் பைத்தியம் என்றார். ஊரிலுள்ள அத்தனை வீடும் ஒரு குக்கருக்காவது இந்த மாடிக்கு வந்துதான் ஆக வேண்டும், அண்ணனும் ஒருநாள் வருவான், கண்ணில் பட்டால் வாய் திறந்து வா என்று ஒரு சொல் சொல்லமாட்டானா என்பது அவள் கணக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தான்.

முன்னால் வந்தது நல்ல உயரமான ஒரு அம்மாள். பின்னால் ஒரு பெண். அதற்கும் பின்னால் நாலு பையைத் தூக்கிக்கொண்டு, முன்தலை வழுக்கை விழுந்து, அண்ணன். மேஜைக்கு வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் பையைக் கீழே வைக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு நகரவும் இல்லை.

அந்த அம்மாள்தான் பேசினாள். "இவதான் எங்க வீட்டுக்கு வரப்போற மருமக. வெந்நீர் வைக்கத் தெரியுமான்னு கேட்டேன், யூட்யூப் பாத்து வைப்பேங்கறா. இவளுக்கு ஏத்த மாதிரி ஏதாவது காட்டுங்க."

பெண் சிரித்தது. அண்ணியின் சாயல் எதுவுமில்லை, செத்துப்போன தன் அம்மாவுடைய நெற்றி அப்படியே வந்திருக்கிறது என்று கோழியக்கா பார்த்துக்கொண்டாள். இடுப்பில் வைத்திருந்த பிள்ளை. இப்போது தன்னைவிட அரைச் சாண் உயரம்.

அவள் பாடத்தைத் தொடங்கினாள். கை பழக்கத்தில் ஓடியது. நாலு கால் துண்டைத் துடைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் கூடையில் வைத்து, மிஷினைத் தட்டினாள். இருபத்திரண்டு என்று எண் ஒளிர்ந்தது. இருபத்திரண்டு நிமிஷம் இவன் இங்கிருந்து நகர முடியாது. அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் நிமிஷத்தில் இல்லாவிட்டாலும் கடைசி நிமிஷத்திலாவது பேசிவிடுவான்.

சம்பந்தியம்மாள் சும்மா நிற்கிற ஆள் இல்லை. மண்டப வாடகையிலிருந்து மாப்பிள்ளையின் மூக்கு யாருடைய மூக்கு என்பதுவரை பேசினாள். கையைப் பார்த்து என்ன என்று கேட்டாள்.

"எண்ணெய் பட்டதும்மா."

"பாத்தியா, இதுக்குத்தான் சொல்றது," என்று சம்பந்தியம்மாள் மருமகளைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் இஸ்திரிப் பெட்டிகளின் விலைச்சீட்டை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான்.

ஏழாவது நிமிஷத்தில் கோழியக்கா கூடையை இழுத்துப் பார்த்தாள். ஒன்பதாவது நிமிஷத்தில் மறுபடியும். "நீங்களே தொறக்கக்கூடாதுன்னு சொன்னீங்க," என்று பெண் சிரித்தது. ஆமாம், புதுசாகச் செய்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள், அதைக் காட்டினேன் என்று சமாளித்தாள். பதினோராவது நிமிஷத்தில் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள்.

அப்போதுதான் சம்பந்தியம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "உங்க பக்கம் ஆளுங்க ரொம்பக் கம்மியா இருக்கே சம்பந்தி. லிஸ்ட்ல எல்லாம் உங்க வீட்டம்மா பக்கத்து ஆளுங்கதான். கூடப் பொறந்தவங்க யாருமே இல்லையா?"

கோழியக்கா இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"இல்லீங்க," என்றான் அண்ணன். "நான் ஒருத்தன்தான்."

"அடப் பாவமே, ஒத்தப் பிள்ளையா," என்று அந்த அம்மாள் மனசாரவே வருத்தப்பட்டாள். மிச்சம் ஒன்பது நிமிஷம் இருந்தது. அதை எப்படித் தள்ளினாள் என்று பிற்பாடு லிஃப்ட்காரரிடம் சொல்லும்போது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தட்டு எடுத்து வைத்தாளாம், டிஷ்யூ மடித்தாளாம்.

மணி அடித்ததும் எலும்போரம் கீறிப் பார்த்தாள். நன்றாக வெந்திருந்தது. இருப்பதில் பெரிய காலைப் பெண்ணிடம் கொடுத்தாள். பெண் ஒரு வாய் கடித்துவிட்டு, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி," என்றது. அத்தை என்று கூப்பிட வேண்டிய வாய். அண்ணனுக்கு வேண்டாமாம். சம்பந்தியம்மாள் விடவில்லை. வாங்கி, குனிந்தபடியே எலும்புவரைக்கும் தின்றான்.

மிஷின் வாங்குவது என்று முடிவாயிற்று. வாரண்டி அட்டையை எடுத்து வைத்து எழுத ஆரம்பித்தாள். அப்பாவின் இனிஷியல், அண்ணன் பெயர், கதவு எண், தெரு. அவள் பிறந்த வீடுதானே, பேனா தானாக ஓடியது. போன் நம்பர் என்ற இடத்துக்கு வந்தபோதுதான் பேனா நின்றது, அது தெரியாதே. நிமிர்ந்தால் சம்பந்தியம்மாள் அட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"பேரு, விலாசம் எதுவுமே கேக்கலையே. எப்படி எழுதினீங்க?"

அண்ணனுடைய முகம் செத்துப்போனது. கூடப் பிறந்தவள் என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். பத்தொன்பது வருஷத்தில் அவள் கைக்கு வந்த ஒரே பிடி அது. பெண்ணோ வாயோரத்து மசாலாவைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு துண்டு எடுக்கலாமா என்பதுபோல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார் போன வருஷம் எங்ககிட்ட மிக்ஸி வாங்கினாங்கம்மா," என்றாள் கோழியக்கா. "ஒரு தடவை எழுதினா எனக்கு மறக்காது. நம்பர் மட்டும் சொல்லுங்க சார்."

என்ன ஞாபகம், இப்படி ஒருத்தி எங்கள் ஆபீஸில் இல்லையே என்று சம்பந்தியம்மாள் மாய்ந்துபோனாள். போகும்போது ஒருமுறை திரும்பி, இந்த மூஞ்சியை மறக்கமாட்டேன், அடுத்த தடவை வந்தால் உங்களிடம்தான் வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கால்மணி நேரம் கழித்து அண்ணன் தனியாக மேலே வந்தான். அவர்கள் கீழே ஜூஸ் குடிக்கிறார்களாம். மூச்சு வாங்கியது, லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி வந்திருக்கிறான்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேண்ணா."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"நீ சொன்னதுக்கு முட்டுக் கொடுத்தேன். வேற என்ன செய்யச் சொல்றே?"

அவன் பைக்குள் கையை விட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தான். மேஜைமேல் வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் இத்தனை வருஷமாக எதற்காக அந்த மேஜையை விட்டு நகராமல் இருந்தாளோ அந்தச் சொல்லையும் சொன்னான். "வா."

அவள் பத்திரிகையைத் தொடவில்லை. மசாலாக் கையாக இருந்தது.

"எப்படிண்ணா வருவேன்? அந்தம்மா என் மூஞ்சியை நல்லாப் பாத்துட்டாங்க. மண்டபத்துல என்னைக் கண்டா, கோழி வறுத்த பொம்பள இங்க எங்கே வந்தான்னு கேப்பாங்க. தங்கச்சின்னு சொல்லுவியா? ரெண்டு பேரும் சேந்து பொய் சொன்னோம்னு உன் பொண்ணைத்தானே வாழ்நாள் பூரா குத்திக் காட்டுவாங்க. கல்யாணத்துக்கு மட்டுமா? வளைகாப்பு, பேர் வைக்கிறது, எதுக்கும் இனி நான் அந்த வாசல் வர முடியாது."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அண்ணனின் போன் அடித்தது. சம்பந்தியம்மாள்தான். இதோ வந்துவிட்டேன், பில்லை மறந்துவிட்டேன் என்றான்.

போனை வைத்தான். பிறகு மேஜைமேல் கிடந்த பத்திரிகையை எடுத்தான். ஓரத்தில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, மூலை மடங்காமல் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.