அப்பாவின் கல்லில் என் வரி

அப்பா இறந்தபோது நான் சூரத்தில் இருந்தேன். அதற்கு முன் நெல்லூர், அதற்கும் முன் எங்கெங்கோ. ஊருக்கு வந்து பார்த்தபோது, உருக்காலைப் புகை படியும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் கறுப்புக் கிரானைட் கல் நட்டிருந்தார். 'ஆண்டவரில் இளைப்பாறுகிறார்' என்பதற்குக் கீழே 'நீங்காத நினைவுடன்' என்று போட்டு மூத்த மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். கடைசி வரியில் நான், 'அன்பு இளைய மகன்'.

தங்கை இல்லை.

அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டியவள் அவள். ஆனால் இந்துப் பையனோடு கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள். அதை எங்கள் வீட்டில் ஓடிப்போனது என்பார்கள். ஊர் ஊராக ஓடிய என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கல்லறைத் திருநாளன்று, தங்கையை ஏன் போடவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நம்ம சர்ச்சுப் பங்குல நாலு பேரு படிப்பாங்கடா. மருமகன் யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"நான் எங்க இருந்தேன்னு கேட்டா?"

"நீ ஆம்பளப் புள்ள. எங்க சுத்திக்கினு இருந்தாலும் புள்ளதான்."

தங்கை மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்திருந்தாள். அண்ணன் நகர்ந்த பிறகு சொன்னாள்: "மகள்னு மட்டும் போட்டா போதும்ணா. பேரு கூட வாணாம்."

கல் வெட்டுபவரிடம் போனேன். "இடமே இல்லியே. ஒரு வரிய எடுத்தாதான் ஒரு வரி. ஆனா உங்க அண்ணன் சொல்லாம எந்த வரியையும் அழிக்க மாட்டேன்" என்றார்.

அழிப்பது எனக்குத் தெரிந்த வேலை. வார்ப்பு இரும்பில் பிசிறு தேய்த்துத்தான் பாதி வயது போயிற்று. தெரிந்தவனிடம் இரும்பு தேய்க்கிற பேட்டரி கிரைண்டர் வாங்கிக்கொண்டு போய், என் வரியின் மேல் வைத்தேன். கை இரும்புக்குப் பழகிய கை. இரும்புக்கு அழுத்துகிற மாதிரியே அழுத்திவிட்டேன். எழுத்தோடு கல்லும் பெயர்ந்து, விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

கல் வெட்டுபவர் வந்து தடவிப் பார்த்தார். "இதுல எழுத்து நிக்காதுபா. கல்லயே மாத்தணும்."

அண்ணன் மாற்ற மாட்டார்.

அடுத்த ஞாயிறு தங்கை வந்து பார்த்தாள். கல்லில் படிந்திருந்த வெள்ளைத் தூளை முந்தானையால் துடைத்தாள்.

"இன்னாண்ணா இது. இப்ப ரெண்டு பேருமே இல்ல."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.