பெரியப்பா கட்டிய பூ

சாமியை ஏமாற்றிய பாவத்தைச் சுமந்துகொண்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் வேறு யாரும் இவ்வளவு பெரிய குற்றம் செய்திருக்க முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் தோட்டம் அவிநாசிக்குத் தெற்கே ஒரு கரட்டடியில், சின்னப் பாறைக்குன்றின் அடிவாரத்தில், இருக்கிறது. அப்பா தக்காளி, வெண்டை, கீரை போடுவார். அவர் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிற அன்றைக்குத்தான் ஊரே தக்காளி கொண்டுவந்திருக்கும். வியாபாரி வாய்க்கு வந்ததுதான் விலை. இரண்டு முறை கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்து என் தலைமுடியையும் நோட்டுப் புத்தகத்தையும் பார்ப்பாள்.

ஒரு நாள் அம்மா கம்பெனி பஸ்ஸில் பத்துக் கட்டு அரைக்கீரை எடுத்துப் போனாள். கூட வேலை செய்கிறவர்கள் பஸ்ஸிலேயே வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் இருபது கட்டு. அடுத்த வாரம் கம்பெனி ஹாஸ்டல் சமையல்கட்டிலிருந்தே கேட்டு அனுப்பினார்கள். அங்கே தெற்கத்திப் பெண்களும் ஒடியா, இந்தி பேசும் பெண்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். தினமும் காய்கறி வேண்டும். ஆனால் ஹாஸ்டல் மேனேஜர் ஒரே பிடியாக இருந்தார். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, கோடையிலும் தவறக் கூடாது, பேசுவதற்கு ஒரே ஆள்தான் இருக்க வேண்டும். அப்பா ஒருவரால் அது நடக்காது.

இந்த இடத்தில்தான் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. நல்லூரில் இரண்டு நிட்டிங் மெஷின் வைத்து வாடகைக் கட்டிடத்தில் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தார். சப்ளை, டெலிவரி, ரிஜெக்ஷன் என்று மூன்று வார்த்தை இல்லாமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. விவசாயிகள் குறைந்தது பத்துப் பேர் சேர்ந்தால் சொந்தமாக ஒரு கம்பெனி பதிவு செய்துகொள்ளலாம், ஆளுக்கொரு காய் போட்டு முறை வைத்து அனுப்பலாம் என்று அவர்தான் விசாரித்து வந்தார். அப்பா தயங்கினார். அதற்கு மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“பனியன்ல பாருங்க மச்சான். ஒருத்தன் துணி ஓட்டறான், ஒருத்தன் சாயம் போடறான், ஒருத்தன் தைக்கறான். ஒருத்தனே எல்லாத்தையும் செய்யறதில்லீங்க. ஆனா லோடு ஒட்டுக்காத்தான் கப்பலேறுது. காட்டுல மட்டும் அவனவன் தனியா நின்னு சாகோணுமுங்களா?”

அப்பா மசிந்தார். அவரோடு சேர்த்து ஊரில் ஒன்பது பேர் சம்மதித்தார்கள். மாமா வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். அதில் காலை வணக்கப் படங்கள் மட்டும் ஒரு நாளும் தவறாமல் டெலிவரி ஆயின.

பத்தாவது ஆள்தான் கிடைக்கவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், பத்தாவது ஆள் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தார், வரமாட்டேன் என்றார். அவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. சித்திரை வெயிலில் எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் பல்லைக் காட்டும்போது அவர் போர்வெல்லில் மட்டும்தான் தண்ணீர் வரும். அவர் இல்லாமல் கோடையில் கீரைக்கட்டு ஒன்றுகூட ஹாஸ்டலுக்குப் போகாது. மற்றவர்களும் இது தெரிந்தே கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்திருந்தார்கள்.

பெரியப்பா வரமாட்டேன் என்றதற்குக் காரணம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன் அவரே முன்னின்று ஊரில் ஒரு பால் குழு ஆரம்பித்தாராம். பால் எடுக்க வரும் வண்டி நாலு நாள் வந்து மூன்று நாள் வராமல், பால் திரிந்து, கடைசியில் குழுவும் திரிந்துபோனது. அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் அவர் வாசலிலேயே நின்று பேசக்கூடாததைப் பேசிவிட்டார்கள். மறுநாள் அவர் கரட்டு முருகன் கோயிலுக்குப் போய், ஊர் பார்க்க, இனிமேல் சங்கம் குழு என்று எதிலும் சேரமாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்குக்கூட ஓரமாகத்தான் நிற்பார்.

ஆனால் கூட்டத்துக்கு வராதவருக்குக் கூட்டத்தில் நடந்ததெல்லாம் தெரிய வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலியோரம் நின்று கூப்பிடுவார். வண்டி யார் ஓட்டுவது, ஓட்டுகிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஓட்டுவது, ஒருவன் முந்தின நாள் மருந்தடித்த கத்தரிக்காயைக் கொண்டுவந்து போட்டால் பத்துப் பேர் பேரும் கெடுமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொல்வேன். அப்பா இரண்டு நாள் யோசித்து என்னிடமே ஒரு பதில் சொல்லி அனுப்புவார். அவரவர் கூடைக்கு அவரவர் நிறத்தில் துணி கட்டுவது என்ற ஏற்பாடு அப்படித்தான் வந்தது. அதற்கான வெட்டுத் துணிகள் மாமாவின் உபயம். நானோ பெரியப்பா எதிரி முகாமிலிருந்து வேவு பார்க்கிறார் என்று நினைத்து, சில பதில்களை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன்.

ஹாஸ்டல் மேனேஜர் கெடு வைத்துவிட்டார். அந்த வாரத்துக்குள் முடிவாகாவிட்டால் வேறு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அப்பாவும் ஒரு கெடு வைத்தார். இது நடக்கவில்லையென்றால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவரும் கம்பெனி வேலைக்குப் போவது, நல்லூரில் லைன் வீட்டுக்குக் குடிபோவது. அம்மாவும் அப்பாவும் வீட்டையே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரே அறை, எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். நான் இரண்டு இரவு அந்தக் கக்கூஸ் வரிசையில் நிற்பதுபோலக் கனவு கண்டேன்.

கடைசி முயற்சியாக அப்பாவும் மற்றவர்களும் பெரியப்பாவைக் கோயிலில் வைத்துக் கேட்டார்கள். அவர், “சாமி முன்னால சொன்ன சொல்லுங்க. நானா திருப்பி எடுக்க முடியாது” என்று மட்டும் சொன்னார். அப்படியானால் சாமியையே கேட்டுவிடலாம், வருகிற செவ்வாய்க்கிழமை பூப் போட்டுப் பார்க்கலாம் என்றார் பூசாரி. எங்கள் பக்கம் பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமுமாக இலையில் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பென்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

பெரியப்பா ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். “பூவ நாந்தான் கட்டுவேன்.” வேண்டாம் என்கிறவரே கட்டினால் பிற்பாடு யாரும் குறை சொல்ல முடியாது என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள். எடுப்பதற்கு என்னைச் சொன்னார்கள்.

மாமாவுக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே வந்துவிட்டார். நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் பறித்து வாழையிலையில் தனித்தனியாகச் சுற்றி, நிட்டிங் நூலால் கட்டி, என் முன்னால் வைத்தார். அரளி நீளமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும், நந்தியாவட்டை தட்டையாக, மெத்தென்று இருக்கும், கும்பிடுகிற மாதிரி இரண்டையும் தொட்டு அழுத்திப் பார்த்துவிட்டு எடு என்று பாடம் நடத்தினார். பத்து முறை எடுத்ததில் எட்டு முறை வெள்ளை எடுத்தேன். ரிஜெக்ஷன் இரண்டுதான் என்று மெச்சினார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பெரியப்பா இரண்டிலுமே சிவப்பை வைத்துக் கட்டிவிட்டால் என்ன செய்வாய் என்று தம்பியைக் கேட்டாள். கட்டிலில் படுத்திருந்த அப்பாதான் பதில் சொன்னார்.

“எங்கண்ணன் சாமிகிட்டப் பொய் சொல்லமாட்டாரு.”

செவ்வாய்க்கிழமை காலை, அம்மாவின் கம்பெனி பஸ் வருவதற்குள் எல்லோரும் கரட்டு மேல் இருந்தோம். பெரியப்பா பூத்தட்டை எடுத்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் போனார். போனவர் வரக் கொஞ்சம் நேரமானது. இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வைத்து நீட்டினார். பூசாரி வாங்கிச் சாமி காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். பிறகு, “எடு கண்ணு” என்றார்.

நான் மாமா சொல்லிக்கொடுத்தபடி குனிந்து கும்பிட்டு, இரண்டு பொட்டலங்களையும் கட்டைவிரலால் அழுத்தினேன். பெரியப்பா இலையை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அழுத்தினேன். இடது பக்கத்துப் பொட்டலம் கொஞ்சம் மெத்தென்று இருப்பதுபோலப் பட்டது. அதை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கப்பல் லோடு பாஸான பெருமை இருந்தது. அப்பா பூவைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார். பெரியப்பா தலைக்கு மேல் கையைத் தூக்கி “முருகா” என்றார். மாமாவின் பேனாவை வாங்கி அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து, பதிவுப் படிவத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஒன்பது பேரும் பேனாவுக்கு அடித்துக்கொண்டார்கள். பிரிக்காத பொட்டலத்தைக் கிணற்றில் போடுவது வழக்கம். அதைத் தானே போட்டுவிடுவதாகச் சொல்லிப் பெரியப்பா மடியில் கட்டிக்கொண்டார்.

வீட்டில் அன்றைக்குப் பாயசம். எனக்குத்தான் இறங்கவில்லை. எல்லோரும் சாமி கொடுத்தது என்கிறார்கள். சாமி கொடுக்கவில்லை, நான் திருடினேன் என்பது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை ஹாஸ்டலுக்குப் போன முதல் வண்டி வழியில் மக்கர் பண்ணியது என்று கேள்விப்பட்டதும் வீட்டில் முருகன் படம் இருக்கும் பக்கம் போவதையே விட்டேன். மாமா அரைமணி நேரத்தில் வேறு வண்டி பிடித்துக் கீரையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. முருகன் ஆரம்பித்துவிட்டார் என்றே நினைத்தேன். அடுத்தது அம்மாவா அப்பாவா என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பெரியப்பா தோட்டத்துக்குப் போனேன். ஏமாந்தவர் அவர், அவரிடம் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. அவர் புதுக் கீரைப் பாத்திக்குச் சொட்டு நீர்க் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா, நிட்டிங் நூல், பத்துக்கு எட்டு, கட்டைவிரல், எல்லாம். கையெழுத்தை அழித்துவிடுங்கள், நாங்கள் லைன் வீட்டுக்கே போய்க்கொள்கிறோம் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போனார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துவந்தார். இலை வாடிச் சுருங்கியிருந்தது. என் முன்னால் குந்தி உட்கார்ந்து பிரித்தார். உள்ளே ஓரம் பழுத்துப்போன நந்தியாவட்டைகள்.

“நீ எதைத் தொட்டிருந்தாலும் வெள்ளதான் கண்ணு. உம்மேல ஒரு பாவமுமில்ல.”

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மூன்று நாளாகப் பசிக்காத பசி அந்த நிமிடமே பசித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பூக்களையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க, என்ன நடந்திருக்கிறது என்பது விளங்கியது. பாவம், பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது. வேண்டாம் என்கிறவர் எந்தப் பூவைக் கட்ட வேண்டும் என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

“பெரியப்பா, வேண்டாமுன்னா செவப்புங்க” என்றேன், அவர் மனம் நோகாதபடி மெதுவாக. “நீங்க மாத்திக் கட்டீட்டீங்க.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் தோட்டத்தில் கூடைகளுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார்.

“ஆமாங் கண்ணு” என்றார். “மாத்திக் கட்டீட்டேன். ஆருகிட்டயும் சொல்லீராத.”

சொல்லவில்லை. பல வருடங்கள் சொல்லவில்லை. எங்கள் கம்பெனிக் கூட்டங்களில் வண்டி வாங்குவது, இன்னொரு ஹாஸ்டலைப் பிடிப்பது, பக்கத்து ஊர்க்காரர்களைச் சேர்ப்பது என்று அவர் அடித்துப் பேசும்போதெல்லாம், வெள்ளை எது சிவப்பு எது என்று தெரியாத மனிதரின் பேச்சை இத்தனை பேர் கேட்கிறார்களே என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முருகன் படத்துக்கு முன்னால் நின்று, பெரியப்பா தெரியாமல் செய்துவிட்டார், அதை அவர் பாவக் கணக்கில் எழுதிவிடாதே சாமி என்று மனமுருக வேண்டிக்கொண்டேன்.