இரும்பை மட்டும் அடிப்பவர்

கட்டடம் இடிப்பது அவருடைய தொழில். தெருவில் எல்லோரும் அவரைச் சம்மட்டி என்றுதான் சொன்னார்கள், முகத்துக்கு நேராகவே. அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வந்ததில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் வந்தது. வரிசையில் முந்திய ஒருவனின் மூக்கு, மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீரைக் கொட்டியவனின் விலா, தராசில் கட்டைவிரல் வைத்த கடைக்காரனின் அந்தக் கட்டைவிரல் என்று ஊரில் பலரும் அவருடைய கைவேலையைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். அடித்த கையோடு ஆளைத் தூக்கி உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். அடி வாங்கியவர்களே அவரை நல்ல மனுஷன் என்று சொன்னதுண்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

மனைவியை அவர் அடித்ததில்லை. அதை நற்குணத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை கையை ஓங்கினார். அப்போது அவள் கையில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி இருந்தது. நற்குணத்தை விட அந்தச் சட்டி நீண்ட காலம் உழைத்தது.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் பொய்ப்பல் செய்பவள். அவளுடைய தம்பி வெல்டர். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம் அந்த மச்சான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"கட்டுறதுக்குத்தான் மூளை வேணும். இடிக்கிறதுக்கு எதுக்கு மாமா?"

அடுத்த நொடி அவனுடைய முன்பல் அவன் தட்டிலேயே கிடந்தது. உடைத்தது கணவன் என்பதால், புதுப்பல்லை மனைவி செய்துகொடுத்தாள். கோபத்தில் செய்ததாலோ என்னவோ, அது மற்றப் பற்களை விட ஒரு பங்கு வெளுப்பாக அமைந்துவிட்டது. அவன் சிரிக்கும்போதெல்லாம் குடும்பத்துக்கு அந்த மதியம் ஞாபகம் வந்தது.

மறுநாள் அவள் ஒரு துணிப்பையில் தன் உடுப்புகளை அடுக்கிப் படுக்கையறைக் கதவின் கொக்கியில் மாட்டினாள்.

"ஏங்க, இதைப் பாத்துக்கோங்க. இனிமே ஒரு மனுஷன் மேல உங்க கை பட்டுச்சுன்னா நான் எடுத்துட்டுக் கிளம்புற பை இது. திரும்பி வர மாட்டேன்."

"கை அரிச்சா நான் என்ன பண்றது?"

"இரும்பை அடிங்க."

சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். அடிக்க இரும்பு தேடிப் போனார். கப்பல் வியாபாரி ஒருவரின் கிடங்கை இடித்துக்கொடுத்த இடத்தில், கூலிக்குப் பதிலாக, பின்கட்டில் கிடந்த ஒரு அமெரிக்கக் காரை வாங்கி வந்தார். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இறங்கிய பழைய மாதிரி. கூரை கிடையாது. பின்பக்கம் மீனுக்கு இருப்பதுபோல் இரண்டு துடுப்பு. சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது துருவும் சிவப்பாகவே இருந்ததால் எது பெயின்ட், எது நோய் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. லாரியிலிருந்து இறக்கும்போதே வயிற்றிலிருந்து ஒரு கூடை துரு கொட்டியது. வீட்டோரத்துத் தகரக் கொட்டகையில் அது நீட்டிப் படுத்துக்கொண்டது. மூக்கு மட்டும் வெளியே நின்றது.

அன்று தொடங்கியது அடி. இறுகிப்போன போல்ட்டுகளின் தலையை உளியால் வெட்டி எறிந்தார். நசுங்கிய பானெட்டைத் தரையில் குப்புறப் போட்டு முதுகில் மிதித்து நிமிர்த்தினார். துரு சுரண்டும் கிரைண்டரின் தகடு உடைந்து பறந்து அவர் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தை முழங்கையால் துடைத்துவிட்டு அதே இடத்தை இன்னும் பலமாக அரைத்தார். உதிர்ந்த தகரம் கையைக் கிழித்தபோது காரைக் கெட்ட வார்த்தையில் திட்டி ஓர் உதை விட்டார். கால் விரல் வீங்கியது. அவர் வாழ்க்கையிலேயே மிகவும் மூர்க்கமான அந்த வருஷத்தில் தெரு பரம அமைதியாக இருந்தது. யாருக்கும் மூக்கு உடையவில்லை. பை கொக்கியிலேயே தொங்கியது. தினமும் வேலைக்குப் போகும்முன் அவர் அதை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

இதற்கு நடுவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இடது கதவை அடித்து நிமிர்த்தும்போது, பெரிய அடிக்கு அது இன்னும் கோணிக்கொள்வதையும் சின்ன அடிக்கு வழிக்கு வருவதையும் அவர் கை கண்டுபிடித்தது. மணல் மூட்டைமேல் கதவைக் கிடத்தி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, கன்னத்தைத் தடவுவதுபோல் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மாதக்கணக்கில் அப்படிப் போனது. முடிவில் அந்தக் கதவில் தன் முகம் பார்த்தார். தன் கையால் அவர் இடிக்காமல் விட்ட முதல் பொருள் அதுதான்.

ஆனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி இரும்பு இருபக்கமும் மக்கிவிட்டிருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதிதாக வைக்க வெல்டர் வேண்டும். அக்கா கெஞ்சி அழைத்ததால் மச்சான் வந்தான். வந்தானே தவிர, மாமாவோடு நேராகப் பேச மறுத்தான்.

"அக்கா, கூரை இல்லாத வண்டிக்கு இந்த இரும்புதான் முதுகெலும்பு. அதை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்கே கம்பி வெல்டு வைக்கணும். இல்லேன்னா வண்டி நடுவுல மடிஞ்சிடும். மாமாகிட்ட சொல்லு."

"எனக்குக் காது இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு," என்றார் அவர்.

மச்சான் கம்பிகளை வைத்தான், மக்கிய இரும்பை வெட்டி எடுத்தான், அடுத்த விடுமுறைக்குப் புது இரும்போடு வருவதாகச் சொல்லிப் போனான்.

அந்த வாரம் முழுதும் அவருக்கு அந்தக் கம்பிகள் உறுத்தின. அவை வாசலில் நிற்கும்வரை கதவை மாட்ட முடியாது. தவிர, அவர் தொழிலில் முட்டு என்பது பிடுங்கிப் பார்ப்பதற்குத்தான். அதை எடுத்த பிறகும் சுவர் நின்றால் அது நல்ல சுவர். விழுந்தால் வேலை மிச்சம். இரண்டுமே லாபமாக முடிகிற ஒரு தொழிலில் வாழ்நாளெல்லாம் இருந்தவருக்கு, விழக்கூடாத ஒன்றை எப்படித் தொடுவது என்பது தெரிந்திருக்கவில்லை. மச்சான் வருவதற்குள் கதவை மாட்டி அவன் வாயை அடைக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. கம்பிகளை அறுத்தார். கார் நின்றது. இடது கதவை மாட்டினார். அப்போதும் நின்றது.

விடுமுறைக் காலையில் மச்சான் கொட்டகைக்குள் நுழைந்தான். அதிர்ச்சியில் பேசா விரதத்தை மறந்து நேராகவே பேசிவிட்டான்.

"கம்பி எங்க மாமா?"

"எடுத்தாச்சு. நல்லாத்தான் நிக்குது."

"நிக்குதா? கதவு முட்டுக் கொடுத்துட்டு நிக்குது! இங்க பாருங்க." கதவைக் கொஞ்சம் திறந்து, பின்தூணுக்கும் கதவு விளிம்புக்கும் நடுவே முன்கையை விட்டுக் காட்டினான். "மேல இடைவெளி எப்படி ஒடுங்கியிருக்கு! அன்னிக்கே சொன்னேன், இடிக்கிறவனுக்கு மூளை..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. அவருடைய கை மேலே போய்விட்டது. அவனும் பார்த்தான், நாக்கு தானாக வெள்ளைப் பல்லைத் தேடிப் போயிற்று. அவர் கண்ணில் கொக்கியும் பையும் வந்து நின்றன. ஓங்கிய கை மனிதனை விட்டு விலகியது. பக்கத்தில் சாய்ந்திருந்த சம்மட்டியைப் பிடித்தது. அவளே சொல்லியிருக்கிறாள், இரும்பை அடிக்கலாம். காரின் நடுத்தரையில் முழு பலத்தோடு ஒரு அடி போட்டார்.

கார் மடிந்தது. முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று பார்த்துக் குனிந்தன. கதவு பின்னால் தள்ளப்பட்டு மச்சானின் முன்கையைத் தூணோடு கடித்தது. எலும்பு ஒடிந்த சத்தம் சின்னதுதான். அவன் போட்ட கூச்சல்தான் தெருக்கோடி வரை போயிற்று.

ஜாக்கியை நடுவில் வைத்து ஏற்றினார். ஜாக்கி மேலே வந்தது, கார் வரவில்லை. மக்கிய தரையைப் பொத்துக்கொண்டு ஜாக்கியின் தலை மட்டும் சீட்டுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. கதவு விளிம்பில் ரத்தம் ஓடியது. இனி கதவை உடைத்தால்தான் கை.

ஒரு நொடி தயங்கினார். அந்த ஒரு நொடிக்காக மச்சான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. பிறகு தனக்கு நிஜமாகவே தெரிந்த வேலையைச் செய்தார். எங்கே அடித்தால் எந்தப் பக்கம் விழும் என்று அந்தக் கைக்குத் தெரியும். மேல் கீலில் ஓர் அடி, கீழ்க் கீலில் ஓர் அடி, தான் முகம் பார்த்த இடத்தில் மூன்றாவது. கதவு நடுவில் பிளந்து முன்பக்கம் சரிந்தது. கடப்பாரையால் நெம்பிக் கையை வெளியே எடுத்தார்.

வீட்டுக்குள் மனைவி கூச்சலைக் கேட்டாள், அதன் பின்னால் சம்மட்டி விழும் சத்தத்தைக் கேட்டாள். மேலே யோசிக்க அவளுக்கு ஒன்றுமிருக்கவில்லை. பையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொட்டகை வாசலில் அவள் பார்த்தது வேறு. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேலேயே அழுந்த உட்கார்ந்திருந்தார். தம்பி ஒரு கை தொங்க, மறு கையில் ஒரு பிரேக் குழாயை வைத்துக்கொண்டு அவரை விளாசிக்கொண்டிருந்தான். தோளில், முதுகில், காதில். காது கிழிந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. அவர் ஒவ்வொரு அடிக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

"டேய், நிறுத்துடா! யாரு யாரை அடிச்சது?"

தம்பி குழாயைப் போட்டுவிட்டு அழுதான். "அவரு என்னை அடிக்கலக்கா. அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல! பல்லோட போயிருக்கும்!"

அவள் மடிந்த காரைப் பார்த்தாள், பிளந்த கதவைப் பார்த்தாள், தொடைக்கு அடியிலிருந்து இன்னும் வெளியே வராத அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் கவிழ்த்தாள். முதலில் வந்த உடுப்பைக் கிழித்துத் தம்பியின் கையைக் கட்டினாள். அடுத்ததைச் சுருட்டிக் கணவரின் காதில் அழுத்தினாள்.

"கையை எடுங்க. பிடிச்சுக்கோங்க."

"எடுக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

மருத்துவமனையில் தையல் போட்ட நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, சண்டையில் ஜெயித்தது யார் என்று கேட்டாள். கார் என்றான் மச்சான்.

கட்டோடு அவன் அடுத்த வாரமே வந்தான், ஒற்றைக் கையால் மாமாவுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுக்க. இப்போது நேராகவே பேசுகிறான். திட்டுவதற்கு இடையில் ஆள் வைத்துக்கொள்ள முடியாதாம். பிளந்த கதவு மறுபடி மணல் மூட்டைமேல் கிடக்கிறது.

பையும் மறுபடி கொக்கியில் ஏறிவிட்டது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"காலியாத்தானே இருக்கு?"

"ஆமா," என்றாள் அவள். "இருந்தாலும் தொங்கட்டும்."