கிழக்குப் பக்க ஜன்னல்

எங்கள் வீட்டு முருங்கை மரத்தை இலை இலையாகத் துடைத்தவன் நான். வாழ்க்கையில் பிறகு நான் செய்த வேலைகள் பலவும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் பயன்பட்டன.

அப்போது அத்திப்பட்டுப் பக்கம் இருந்தோம். வீட்டுக்குக் கிழக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். காலையில் காற்று கடலைப் பார்த்துப் போகும். அதுவரை ஊர் பச்சையாக இருக்கும். மதியம் கடல்காற்று திரும்பினால் சாம்பல் வரும். சத்தமே இல்லாமல், மாவு சலித்ததுபோல, கொடியில் காயும் துணிமேலும் மாட்டின் முதுகிலும் இறங்கும். யாரோ ஊரைப் பென்சிலால் வரைந்துவிட்டு வண்ணம் தீட்ட மறந்துபோனதுபோல் ஆகிவிடும். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. என் நெஞ்சுக்குத்தான் ரசனை போதவில்லை, இழுத்தது. இடம் மாறியே ஆகவேண்டும் என்றார் டாக்டர். இந்த வீடு விற்றால்தான் செவ்வாப்பேட்டையில் இன்னொன்று. வந்து பார்த்தவர்கள் யாரும் இரண்டாம் முறை வரவில்லை. கடைசியில் அம்மாவின் தம்பி பொறுப்பேற்றார்.

"வாங்க வர்றவன் ஊட்ட பாக்க மாட்டான்க்கா. அதுல அவன் குடியிருக்கற மாதிரி கனா காணுவான். அத்த நாம கலைக்காம இருந்தா போதும்" என்றார் மாமா.

சுவருக்கு வானநீலம் வந்தது. தரை சிவப்பாகப் பளபளத்தது. கிழக்கு ஜன்னலைத் தாழிட்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மயில் திரையைத் தொங்கவிட்டார். எனக்கு இரண்டு வேலைகள்: முருங்கை இலை துடைப்பது, ஆட்கள் வரும்போது இருமாமல் இருக்க வாயில் கல்கண்டு அடக்கிக்கொள்வது. அந்த வாரம் நீலச் சுவரோரம் படுத்தால், கட்டிலோடு எங்கேயோ மிதந்து போவதுபோல் இருந்தது. எங்கள் வீட்டிலேயே நாங்கள் விருந்தாளிகளாக, கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு நடந்தோம்.

காற்று திரும்புமுன் காட்டிவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலையாகப் பார்த்து வரச் சொன்னார் மாமா. காற்றைக் கணக்குப் போட்டவர் ராகுகாலத்தை மறந்துவிட்டார். ரயில் தாமதம். வந்தவர்கள் புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. தெருமுனை டீக்கடையிலேயே நின்றுவிட்டார்கள். மாமா ஓடினார்.

"இன்னா சார், இங்கயே நின்னுகினு? ஊடு தோ, எதிர்ல."

"ராகுகாலம் போவட்டும் சார். ஊடு வாங்கற விசயம், வெளாட்டா?"

ராகு போனது. கடல்காற்று வந்தது. கூடவே அவர்களும் வந்தார்கள்.

அந்தப் பெண் நீலச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "தூளி இங்க கட்லாங்க" என்றாள் புருஷனிடம். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் கல்கண்டை அடுத்த கன்னத்துக்கு மாற்றினேன். அம்மா கை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். அது அவள் தோளில் முகம் புதைத்து ஒருமுறை தும்மியது. அம்மா அதன் முதுகில் காதை வைத்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு நேராகப் போய் மயிலை ஒதுக்கி, ஜன்னலைத் திறந்தாள்.

"புழுங்குது பாருங்க."

சாம்பல் வெயிலில் மினுங்கியபடி, அவசரமில்லாமல், சொந்த வீட்டுக்குள் வருவதுபோல் வந்தது. சிவப்புத் தரை மெல்ல நரைத்தது. அந்தப் பெண் ஜன்னல் கட்டையில் விரலை இழுத்துப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். குழந்தையை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டாள். ஏலக்காய் தட்டிப் போட்ட பால் ஆறிக்கிடக்க, போய்விட்டார்கள்.

"உனக்கு இன்னா பைத்தியமாக்கா? பையனுக்கோசரம்தான இம்மாம் பாடு!" மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"புழுங்குச்சிடா" என்றாள் அம்மா மறுபடியும். அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

எனக்கும் கோபம்தான். முருங்கை முழுவதையும் மறுபடி துடைக்க வேண்டுமே. அன்று சாயங்காலம் அம்மா என் நெஞ்சில் தைலம் தேய்த்தாள், வழக்கத்தைவிட வெகுநேரம். பிறகு என்னைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் காதை வைத்துக் கேட்டாள்; எடுக்கவே இல்லை. கல்கண்டு டப்பாவைக் காலி செய்ததைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து, நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.